குளியலறையில் காலமான கண்டக்டரின் கல்யாணம்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. காலை நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். கொட்டாவி வருகிறவர்கள் இப்போதே விட்டு முடித்துவிடுங்கள். கதை தொடங்கிய பிறகு விட்டால் என் மனம் தாங்காது. செத்துப்போன மனிதர் ஒருவர் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, தன் கல்யாணத்துக்குத் தானே நடந்து வந்த கதையை இன்றைக்குச் சொல்லப்போகிறேன். பேய்க்கதை இல்லை, பயப்படாதீர்கள். அவரைக் கொன்றது பேயுமில்லை, நோயுமில்லை. மருமகள். அதுவும் அலுவலக நேரத்தில், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், ஒரு கையில் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு கொன்றாள்.

அவள் நல்ல பெண்தான். முழுதும் கேளுங்கள்.

நகராட்சி அலுவலகத்தின் மேல்மாடியில் டேட்டாபேஸ் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஊரில் பிறக்கிறவர்கள், கட்டிக்கொள்கிறவர்கள், போய்ச்சேருகிறவர்கள் எல்லோரையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி வைக்கிற இடம். டேட்டாபேஸ் என்றால் கண்ணுக்குத் தெரியாத பெரிய அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பிறப்புக்கு ஒரு தட்டு, கல்யாணத்துக்கு ஒரு தட்டு, சாவுக்கு ஒரு தட்டு. அந்தத் தட்டை அவர்கள் டேபிள் என்பார்கள். ஒரு மனிதரின் விவரத்தை ஒரு வரியாக அதற்குள் வைப்பதற்கு இன்சர்ட் என்று பெயர். ஒரு ஆள் இரண்டு ஆள் என்றால் கையாலேயே வைத்துவிடலாம். மருத்துவமனைகளிலிருந்து மொத்தமாக வந்து குவியும்போது கையால் வைத்துக்கொண்டிருந்தால், வைக்கிறவளையும் கடைசியில் அதே தட்டில் வைக்க வேண்டியதாகிவிடும். அதனால், 'முதலில் இதைப் பார், சரியாக இருந்தால் உள்ளே ஏற்று, இல்லாவிட்டால் அலறு, முடிந்ததும் அடுத்த ஆளிடம் போ' என்று கம்ப்யூட்டருக்குப் படிப்படியாகக் கட்டளை எழுதி, அதற்கு ஒரு பெயரும் சூட்டி வைத்துவிடுவார்கள். அதுதான் ப்ரொசீஜர். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், வேலைக்காரன் மாதிரி ஓடிவந்து செய்யும். மருமகள் அதை எழுதுவதில் கெட்டிக்காரி.

அவளுடைய மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உத்தியோகம்தான். வாய் இன்னும் பணியில் இருந்தது. விடிந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். உள்ளே தண்ணீர் விழும் சத்தத்தோடு, தான் காலமெல்லாம் போய்வந்த வழித்தடத்தை முதலிலிருந்து ஓட்டுவார். "மணிக்கூண்டு! மணிக்கூண்டெல்லாம் எறங்கு! உள்ள போ, உள்ள போ, படிக்கட்டுல என்ன வேடிக்கை?" வெளியே மருமகள் துண்டும் கையுமாக நிற்பாள். பஸ் கடைசி நிறுத்தத்தைத் தொட்டால்தான் கதவு திறக்கும். நடுவில் அவள் தட்டினால் அதற்கும் பதில் வரும்: "ஸ்டாப் இல்லாத எடத்துல நிறுத்த முடியாதும்மா!"

அன்றைக்கும் அப்படித்தான் நின்றாள். அன்றைக்கும் அலுவலகத்துக்குத் தாமதம். மேலதிகாரியின் முகத்தில் கடுகு வெடித்தது. மருத்துவமனைப் பட்டியல்களை ஏற்றும் புதிய ப்ரொசீஜர் சாயங்காலத்துக்குள் வேண்டுமென்று சொல்லிவிட்டுப் போனார்.

ப்ரொசீஜரின் பெரும்பகுதியை அவள் எழுதியிருந்தாள். ஒவ்வொரு ஆளாக டேபிளில் வைக்கிற உள்பகுதியை மட்டும் அடுத்த மேசைக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். அவரைக் கமிட் அண்ணன் என்றுதான் பிரிவில் எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

துணிக்கடையில் சட்டையைப் போட்டுப் பார்க்கிறோம் இல்லையா? கண்ணாடியில் நமக்கு மட்டும் தெரியும். பிடிக்கவில்லையென்றால் கழற்றி மாட்டிவிட்டு நடையைக் கட்டலாம். டேபிளில் இன்சர்ட் செய்வதும் அப்படித்தான். செய்தவள் கண்ணுக்கு மட்டும்தான் முதலில் தெரியும். வேண்டாமென்று கழற்றி வைத்தால் அது ரோல்பேக். 'சரி, இதுதான்' என்று பில் போட்டுத் தெருவில் இறங்கிவிட்டால் ஊரே பார்க்கும், அது கமிட். ஒருமுறை அண்ணன் நாள் முழுக்க ஏற்றிய பதிவுகள், கமிட் கொடுப்பதற்குள் மின்சாரம் போய், மொத்தமாகக் காற்றில் கரைந்தன. அன்று முதல் மனிதர் எந்த வரியை எழுதினாலும் கீழே ஒரு கமிட் போட்டுவிடுவார். தும்மினால்கூடப் போடுவார் என்று பேச்சு.

இது மருமகளுக்குத் தெரியும். தெரிந்தும் அவர் எழுதிய பகுதியைத் திறந்து பார்க்கவில்லை. பக்கத்து மேசைக்காரரின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்ப்பது மாதிரி இருக்குமாம். இருக்கட்டும்.

சோதித்துப் பார்ப்பதற்கென்று டேட்டாபேஸின் நகல் ஒன்று தனி மெஷினில் இருந்தது. அன்றைக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பழைய போர்வையைப் போர்த்தி, அதன் மேலேயே ஏறி நின்று கூரைக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார்கள். 'நிஜத்திலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு ரோல்பேக் கொடுத்துவிட்டால் போயிற்று' என்று நினைத்தாள். இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் தோன்றுகிற நினைப்புத்தான். தோன்றாதவர்கள் விடுப்பில் இருந்திருப்பார்கள்.

முதலில் வாய்க்கு வந்த பெயரையும் எண்ணையும் போட்டாள். டேபிள் துப்பிவிட்டது. இப்படி ஒருவர் ஊரிலேயே இல்லை என்றது. பிறக்காதவரைச் சாகடிக்க விடமாட்டேன் என்பதில் அது அவ்வளவு கறார். நிஜமான ஆளின் குடிமக்கள் எண் வேண்டும். யாருடையதைப் போடுவது? தன்னுடையதைப் போட விரல் வரவில்லை. பெற்ற மகளுடையதை நினைத்ததற்கே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கணவனுடைய எண் மனப்பாடம் இல்லை. ஆனால் மாமனாருடைய எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். மனிதர் எந்த அலுவலகத்துக்குப் போன் போட்டாலும் நடுக்கூடத்தில் நின்று தெரு முழுக்கக் கேட்கும்படி அதைச் சொல்லித்தானே பேச்சைத் தொடங்குவார்?

ஆக, வீட்டில் சாவதற்குத் தோதான ஆள் ஒருவர்தான்.

எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்பது அந்த டேபிளின் இன்னொரு பிடிவாதம். இறந்த இடம் எது என்றது. காலையில் துண்டோடு நின்றது ஞாபகம் வந்தது. 'குளியலறை' என்று போட்டாள். காரணம் கேட்டது. 'ஓயாத பேச்சு' என்று போட்டாள். தகவல் தந்தவர் யார் என்றது. 'மருமகள்' என்று போட்டு, தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, ப்ரொசீஜரை ஓட்டினாள்.

ஒரு பதிவு ஏற்றப்பட்டது என்றது திரை. மாமனாரின் குடிமக்கள் பதிவில் 'இறந்தவர்' என்ற சொல்லும் தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. எல்லாம் சுத்தமாக வேலை செய்கிறது என்று அவள் சந்தோஷப்பட்ட அந்த நொடியில் போன் அடித்தது. இறந்தவர்தான் பேசினார்.

"ஏம்மா, துணி காயப்போடற கிளிப்பெல்லாம் எங்க வெச்ச?"

"மாமா, நான் வேலையா இருக்கேன்."

"வேலையா இரும்மா, யாரு வேண்டாம்னா? கிளிப்பு எங்கன்னு சொல்லிட்டு வேலையா இரு."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவள் ரோல்பேக் என்று தட்டினாள். 'ரோல்பேக் முடிந்தது' என்றது திரை. அந்தத் திரை எப்போதுமே அப்படித்தான் சொல்லும். திருப்பி எடுக்க ஏதாவது இருந்தாலும் சொல்லும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் சொல்லும். சட்டைக்கு அண்ணனின் கமிட் ப்ரொசீஜருக்கு உள்ளேயே பில் போட்டு ஊருக்குள் அனுப்பிவிட்டது அவளுக்கு எப்படித் தெரியும்? மறுபடி எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். "ஜன்னலோரம் பச்சை வாளியில பாருங்க மாமா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தை மூடினாள்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் கண்டக்டர் தன் சாவைப் பற்றித் தானே வீட்டில் வந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அதைத்தான் என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. "லைப்ரரில என் கார்டு செல்லாதுங்கறான்மா." "ம்." "பஸ்ல பாஸை வெச்சா செவப்பு லைட்டு எரியுது. நான் வேலை பார்த்த பஸ்ஸுலயே!" "ம்." "பல் டாக்டர் கம்ப்யூட்டரப் பாத்துட்டு என்னை ஒரு மாதிரி பாக்கறாரு, அப்புறம் கையைப் புடிச்சு நாடி பாக்கறாரு. பல்லுக்கு எதுக்கும்மா நாடி?" "ம், சாப்பிடுங்க மாமா." சதா ஓடிக்கொண்டிருக்கிற வானொலியில் செய்தி வந்தாலும் பாட்டு வந்தாலும் வீட்டிலிருப்பவர்களுக்கு ஒன்றுதானே?

இதற்கு நடுவில்தான் கல்யாணம்.

பல வருஷமாகத் தனிக்கட்டையாக இருந்த மனிதர். சாவதற்குச் சில மாதம் முன்னால் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டே வெளியே வர, கதவு பின்னால் சாத்திக்கொண்டது. சாவி உள்ளே. தெருமுனைச் சாவிக்கடைக்காரம்மா வந்து பூட்டைத் திறந்தார். திறந்து முடிக்கும்வரை கண்டக்டர் பேசினார். அந்தம்மா தலையாட்டிக்கொண்டே அரத்தால் ராவினார். "என் பேச்சை முழுசாக் கேட்ட மொத ஆளு" என்று அன்று ராத்திரி வீட்டில் வந்து உருகினார். சாவி வெட்டும் மெஷினின் கிறீச்சுக்காக அந்தம்மா காதில் எப்போதும் பஞ்சு வைத்திருப்பார் என்பது வீட்டாருக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. அதற்குள் கண்டக்டருக்குத் தினம் ஒரு சாவி தொலைய ஆரம்பித்துவிட்டது. அப்படியே பேசிப் பேசி, அவர் சாவு டேபிளில் ஏறுவதற்கு முன்பே பதிவு அலுவலகத்தில் கல்யாணத் தேதியும் வாங்கிவிட்டார்கள். கல்யாணத்துக்கப்புறம் சாவிக்கடை மாடியில் குடித்தனம்.

கண்டக்டரின் மகன், அதாவது மருமகளின் கணவன், குதித்தான். "அறுபத்தாறு வயசுல மாப்பிள்ளைக் கோலமா? ஆபீஸ்ல என் மூஞ்சிய எங்க கொண்டு போய் வெச்சுக்கறது?" மருமகள் இந்தப் பக்கமும் பேசவில்லை, அந்தப் பக்கமும் பேசவில்லை. குளியலறை காலியாகும் என்ற ஓர் ஆசை உள்ளே இருந்தது. அதை வெளியே சொல்ல முடியுமா? நீலச் சட்டையை இஸ்திரி போட்டு, மாமனார் கையில் கொடுத்தாள். மனிதருக்கு அதுவே போதும். "பாத்தியா, எம் மருமக எம்பக்கம்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

கல்யாணப் பதிவு அதே நகராட்சி அலுவலகத்தின் தரைத்தளத்தில். நாலு பேரும் போய் நின்றார்கள். சாவிக்கடைக்காரம்மா அன்றைக்கென்று கடையைப் பூட்டிவிட்டு, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தார். பதிவாளர் ஒரு மூக்குக்கண்ணாடி அம்மா; சட்டத்தில் இல்லாத புன்னகையைச் செலவழிக்க மாட்டார். எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மணமகன் காலமாயிட்டார்."

"யாரு?" என்றார் கண்டக்டர்.

"நீங்க."

"எப்போ?"

"போன வாரம்."

"போன வாரம் நான் பல்லு புடுங்கிட்டு வந்தேனேம்மா! அப்ப இங்க நிக்கறது யாரு?"

"அது எனக்குத் தெரியாது சார். கம்ப்யூட்டர் செத்தவங்களுக்குக் கல்யாணம் பண்ணிவெக்க விடாது. அடுத்த தேதி மழைக்காலம் முடிஞ்சுதான் இருக்கு. நீங்க உயிரோட வந்தா பாக்கலாம்."

மருமகள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். போன வாரம். நிஜ டேட்டாபேஸ். அவள் திரும்பி நின்று கமிட் அண்ணனுக்குப் போன் போட்டாள். "அண்ணா, நீங்க எழுதிக் குடுத்த பகுதிக்குள்ள கமிட் இருக்கா?"

"இல்லாம இருக்குமாம்மா?" என்றார் அவர், பெருமை பொங்க.

இந்தப் பக்கம் அவளுடைய கணவன் காதருகே குனிந்தான். முகத்தில் பல்பு எரிந்தது. "பிரமாதம்! எனக்கு இந்த யோசனை வரவே இல்ல பாரு" என்று கிசுகிசுத்து, ஒரு கண்ணையும் சிமிட்டினான். ஓடுகிற பஸ்ஸில் பின்படிக்கட்டில் டிக்கெட் எடுக்காமல் நிற்கிறவனை முன்படிக்கட்டிலிருந்தே பிடித்த மனிதர் கண்டக்டர். அந்தக் கண்சிமிட்டலைப் பிடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அவர் மகனைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பிறகு பதிவாளரிடம், "எப்படிச் செத்தேன்னு அதுல போட்டிருக்கா?" என்று கேட்டார்.

பதிவாளர் சத்தமாக வாசித்தார். "இறந்த இடம், குளியலறை. காரணம், ஓயாத பேச்சு. தகவல் தந்தவர், மருமகள்."

கூடத்தில் காத்திருந்த ஜோடிகள் எல்லாம் தங்கள் காதலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தன. சாவிக்கடைக்காரம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "காரணம் நம்பற மாதிரிதான் இருக்கு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டர் சிரிக்கவில்லை. போய்ச் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். நீலச் சட்டையின் மடிப்பைக் கையால் தடவிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

கண்ணுகளா, அந்த வாய் மூடி மருமகள் பார்த்ததே கிடையாது. அவர் கத்தியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்தி என்ஜினை அணைத்த மாதிரி இருந்தது.

"மாமா, அது டெஸ்ட்டுக்குப் போட்டது மாமா. திருப்பி எடுத்துட்டேன்னு நெனச்சேன்..."

கண்டக்டர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பதிவாளருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சிஸ்டம் கோளாறுன்னு எழுதிக்கவா?" என்று மெதுவாகக் கேட்டார். ஊரில் பாதிப் பேரின் மானம் அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கிறது. மருமகளும் ஒளிந்துகொண்டிருக்கலாம்.

"வேண்டாம் மேடம். சிஸ்டம் சொன்னதைத்தான் செஞ்சுது. நான்தான் ஏத்தினேன். காலையில பாத்ரூம் கெடைக்காத கோவத்துல வெளையாட்டா எழுதினேன். அவர் போகணும்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்ல." கடைசி வரியைப் பெஞ்சைப் பார்த்துச் சொன்னாள். பெஞ்சில் அசைவில்லை. "அந்தப் பதிவை அழிச்சுடலாமா மேடம்?"

"சாவுப் பதிவை யாராலயும் அழிக்க முடியாது. அழிக்கப் போனா டேபிள் விடாது. அதுக்கு மேல திருத்தம் ஏத்தலாம், நான் அனுமதி தரேன். திருத்தத்துக்குத் தனி டேபிள் இருக்கே."

இருந்தது. கட்டி வைத்ததோடு சரி, செத்துத் திரும்பியவர்கள் யாரும் வராததால் அதற்கு யாரும் ப்ரொசீஜர் எழுதியிருக்கவில்லை. பதிவாளருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த கம்ப்யூட்டரில் மருமகள் உட்கார்ந்து தன் பெயரில் நுழைந்தாள். எழுதினாள். தொடங்கு என்று ஒரு வரி. இந்த எண்ணுக்குரியவர் இறந்தவராக இருந்தால் மட்டும் திருத்தத்தை ஏற்று என்று ஒரு வரி. இல்லாவிட்டால் அலறு. முடி. அண்ணன் மேல் இருந்த ஆத்திரத்தில், கமிட் என்ற சொல்லை அந்தப் பக்கமே வரவிடவில்லை. கட்டங்களை நிரப்பிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். 'உயிருடன் இருப்பதற்கு ஆதாரம்' என்று கேட்டது அது.

"திருத்தம் எழுதறப்ப அவரே என் முன்னாடி வாயைத் திறந்து சொல்லணும்" என்றார் பதிவாளர். "சட்டம் அப்படி."

எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள். கண்டக்டர் கூரையைப் பார்த்தார்.

"அப்பாவே வேண்டாங்கறார், விடேன்" என்றான் கணவன்.

"நீங்க சும்மா இருங்க. அடுத்த டெஸ்ட்டுக்கு எனக்கு ஆள் வேண்டியிருக்கு."

அவன் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டான். சாவிக்கடைக்காரம்மா பெஞ்சருகே போய், இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்துக் கைப்பையில் போட்டுவிட்டு, மாப்பிள்ளையின் வாயருகே காதை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"ஒண்ணும் வரல" என்றார். அதைச் சொன்னபோது அந்தம்மாவின் கை இடுப்புச் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

மருமகள் எழுந்து கூடத்தின் நடுவே வந்து நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். அப்புறம் அவள் செய்ததை அந்த அலுவலகத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"மணிக்கூண்டு! மணிக்கூண்டெல்லாம் எறங்கு! உள்ள போ, உள்ள போ, படிக்கட்டுல என்ன வேடிக்கை? ரைட்!"

காத்திருந்த ஒரு ஜோடி பயந்துபோய் உள்ளே நகர்ந்து நின்றது.

"பொண்ணுங்க பள்ளிக்கூடம்! பையெல்லாம் மடியில வெச்சுக்க! ரைட்! ஐஸ் ஃபேக்டரி, பாத்து எறங்கு, தரை வழுக்கும்! ரைட்!"

பெஞ்சில் ஒரு காது அசைந்தது.

"ரயில்வே கேட்! ரயில்வே கேட்டெல்லாம் எறங்கு!"

"ஏய், நிறுத்து வண்டிய!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கண்டக்டர் எழுந்து நின்றிருந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. "ஐஸ் ஃபேக்டரிக்கும் ரயில்வே கேட்டுக்கும் நடுவுல தண்ணித்தொட்டிய எவன் முழுங்கினான்? தண்ணித்தொட்டில நிறுத்தாம போவியா நீ? அங்க நர்ஸம்மா ஒருத்தி டூட்டி முடிஞ்சு, நிக்கக்கூடத் தெம்பில்லாம நிப்பா. அவள அம்போன்னு விட்டுட்டு ரைட்டு ரைட்டுன்னு போயிடுவியா? யாரு உனக்கு வேலை குடுத்தது? மொதல்ல மேல்கம்பியப் புடிச்சு நிக்கக் கத்துக்க! கண்டக்டர்னா சும்மா கத்தறது இல்ல, யாரு எங்க நிப்பாங்கன்னு..."

பாதியில் நின்றார். மருமகளை உற்றுப் பார்த்தார்.

"மத்த ஸ்டாப்பெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க சொல்லித்தான் மாமா."

"நீதான் நான் சொல்றதக் கேக்கறதே இல்லையே. எதுக்கெடுத்தாலும் ம், ம்."

"நான் கேக்கல மாமா. அதுவா உள்ள ஏறிடுச்சு. தண்ணித்தொட்டியும் ஏறியிருக்கு."

கண்டக்டர் மூக்கை உறிஞ்சினார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "தெரிஞ்சேவா விட்ட? டிக்கெட் இன்ஸ்பெக்டர் கிட்ட மாட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும் உனக்கு" என்று முணுமுணுத்தார். குரலில் ஈரம் இருந்தது.

"பேசிட்டார்" என்றார் பதிவாளர். "எனக்குப் போதும். இதுக்கு மேல வேண்டாம். எழுதும்மா."

மருமகள் ஓடிப்போய் உட்கார்ந்தாள். உயிருடன் இருப்பதற்கு ஆதாரம் என்ற கட்டத்தில் வேறு எதை எழுதுவாள்? 'ஓயாத பேச்சு' என்று எழுதி ஓட்டினாள். ஒரு பதிவு ஏற்றப்பட்டது. அவள் திரையில் மாமனார் உயிரோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"வந்துட்டார் மேடம், பாருங்க!"

பதிவாளர் தன் திரையைப் பார்த்தார். "எங்க வந்தார்? இங்க இன்னும் செத்துத்தான் கெடக்கறார்."

"என் திரையில உயிரோட இருக்காரே!"

"என் திரையில இல்லையேம்மா. ரெண்டுல எதை நம்பறது?"

"ரெண்டையும் விடுங்க, என்னைப் பாருங்கம்மா!" என்றார் கண்டக்டர். மருமகள் திரைக்குத் திரும்பினாள். எழுதியதை மேலிருந்து கீழ்வரை படித்தாள். தப்பே இல்லை. போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஏத்திட்டேன், எனக்குத் தெரியுது, பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரியல. கையும் ஓடல காலும் ஓடல அண்ணா!"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். பிறகு கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல், அதுநாள்வரை பட்ட கேலிக்கெல்லாம் வட்டியோடு சேர்த்து:

"கமிட் குடுத்தியாம்மா?"

சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னாலேயே நின்றுகொண்டிருந்தால் தெருவில் போகிறவனுக்கு எப்படித் தெரியும்? மருமகள் தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, அந்த ஒரு சொல்லை அடித்தாள். பதிவாளர் மறுபடி பார்த்தார். "இப்ப எழுந்துட்டார்" என்றார். சட்டத்தில் இல்லாத ஒரு புன்னகையும் கூடவே வந்துவிட்டது.

அதற்கப்புறம் கல்யாண டேபிளில் ஒரு பதிவு ஏறியது. பதிவாளர் கையாலேயே கமிட்டும் ஆனது. கையெழுத்துப் போடும்போது கண்டக்டர் பேனாவைப் பற்றி, காகிதத்தைப் பற்றி, கையெழுத்துப் போடும் முறையைப் பற்றிப் பேசினார். மணப்பெண் கைப்பையைத் திறந்து பஞ்சைப் பார்த்தார். எடுக்கவில்லை, மூடிவிட்டார். மருமகள் அந்தம்மாவின் கையைப் பிடித்து, "வாங்க அத்தை" என்றாள். அதுவரைக்கும் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வார்த்தையை மென்றுகொண்டிருந்தவள் அவள்.

கண்டக்டர் சாவிக்கடை மாடிக்குக் குடிபோனார். டேபிளில் அவர் செத்த வரியும் இருக்கிறது, எழுந்த வரியும் இருக்கிறது. பூட்டுத் திறக்க வருகிறவர்களிடமெல்லாம், "செத்துப் பொழச்சவன்யா நான், வேணும்னா நகராட்சில கேளு" என்று ஆரம்பிப்பார். பூட்டுத் திறந்த பிறகும் அவர்கள் கிளம்ப முடியாது. வீட்டுக் குளியலறை விடிந்ததும் காலியாகவே இருந்தது. முதல் நாள் மருமகள் உள்ளே போய் நிதானமாகத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் வாய் தானாக, "மணிக்கூண்டு எறங்கு" என்றது. வெளியே கணவன் துண்டோடு நின்று கதவைத் தட்டினான்.

"ஸ்டாப் இல்லாத எடத்துல நிறுத்த முடியாதுங்க!"

நகல் மெஷின் மேலிருந்து போர்வையை எடுத்துவிட்டார்கள். அவள் இப்போது அங்கேதான் சோதிக்கிறாள், மற்றவர் எழுதியதையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஓட்டுகிறாள். சோதனைக்கு எப்போதும் ஒரே ஆளின் எண்தான். கணவனுடையதை மனப்பாடம் செய்துவிட்டாள். அந்த நகலுக்குள் அவன் மாதம் ஒருமுறை வெவ்வேறு காரணத்தால் செத்துச் செத்துப் பிழைக்கிறான். 'கண்சிமிட்டல்' அவற்றில் ஒன்று.

சரி கண்ணுகளா, எழுந்திருங்கள், கால் மரத்திருக்கும். உங்கள் வீட்டில் யாருடைய பெயரும் காலத்துக்கு முன்னே எந்தத் தட்டிலும் ஏறாமல் இருக்கட்டும். உங்கள் குளியலறைக் கதவு வேண்டிய நேரத்தில் திறக்கட்டும். உங்கள் வீட்டில் ஓயாமல் பேசுகிறவருக்குத் தொண்டை வற்றாமலும், கேட்காதது மாதிரி இருக்கிறவர்களின் காதில் அதெல்லாம் ஏறிக்கொண்டும் இருக்க, நீங்கள் எல்லோரும் நிறைந்து நெடுங்காலம் நன்றாயிருங்கள்.